சூடாகாத கார் இருக்கையும், சூட்டை நிறுத்தக் கற்றுக்கொண்ட வரலாறும்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பிரான்ஸ், கனடா, லண்டன் பக்கம் இருப்பவர்கள் குளிர் இறங்குவதற்குள் படித்துவிட்டால் நல்லது.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி வந்தது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் தங்கை மகன் கேட்டிருந்தான்: "மாமா, கார் சீட் ஹீட்டர் வேலை செய்யல, என்ன பார்க்கணும்?" அரை மணி நேரத்தில் இருபது பதில்கள். ஒருவர் "ஃபியூஸ் போயிருக்கும், கொஞ்சம் பெரிய ஃபியூஸா போட்டுடு" என்கிறார். இன்னொருவர் "சென்சாரைக் கழட்டிட்டு வயரை நேரா சேர்த்துடு, நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்" என்கிறார். அந்தக் காரின் முன் இருக்கையில் தினமும் உட்கார்ந்து போகிறவர் அவனுடைய அப்பா. இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். பாதத்திலும் தொடையிலும் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று இரவே தொலைபேசியில் பேசி, ஒயரை நேராகச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டேன். ஆனால் குழுவில் இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறீர்கள். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன். ஒரு பொருளுக்குள் ஏன் இத்தனை ஒயர், இத்தனை பாகம் என்று அதன் வரலாற்றைப் பார்த்தால் பழுதும் தானாகப் புரியும் என்று வகுப்பில் சொல்வேனே, அதைத்தான் இங்கேயும் செய்யப்போகிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கதிர்காமத்தில் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு வந்தாலே மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போவோம். நம் ஊர் பிரச்சினையே வேறு. மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டில் உட்கார முடியாது, துண்டை விரித்து உட்காருவோம். நமக்கு எதற்கு சூடேறும் இருக்கை?

காரணம் நம் ஊரின் வரலாறு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள நம் மக்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. அதற்கு முன்பே பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போன 'சொல்தா' குடும்பங்கள் இருந்தன. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். ஜனவரி காலையில் உறைபனியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள்தாம். அவர்களைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெரியவர்களைத்தான், "அப்பா, நீங்க முன்னாடி உட்காருங்க, அங்கதான் சீட் சூடா இருக்கும்" என்று உட்காரவைக்கிறார்கள்.

'சொஃபேர்' என்றால் முதலில் டிரைவர் இல்லை

கார் ஓட்டுநருக்கு பிரெஞ்சில் 'சொஃபேர்' என்று பெயர். 'சொஃபே' என்ற வினைச்சொல்லுக்குச் 'சூடாக்கு' என்று பொருள். அப்படியானால் சொஃபேர் என்பவர் சூடாக்குபவர், அதாவது நீராவி எந்திரத்துக்குக் கரி அள்ளிப் போட்டுத் தீ வளர்ப்பவர்.

நிக்கோலா கூன்யோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1769-ஐ ஒட்டி நீராவியால் ஓடும் மூன்று சக்கர வண்டியைச் செய்தார். அந்த வரிசையில் வந்த பெரிய வண்டி இன்றும் பாரிஸ் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நூறு வருஷம் கழித்து, 1873-இல் அமெதே பொலே என்பவர் பன்னிரண்டு பேர் உட்காரும் நீராவி வண்டியைச் செய்தார். முன்னால் ஒருவர் திருப்புவார். பின்னால் கொதிகலனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் கரி போடுவார். உட்கார்ந்திருப்பவர்கள் குளிரில் நடுங்க, பின்னால் நிற்பவர் வியர்வையில் குளிப்பார்.

நம் புதுச்சேரியில் ஓடிய பழைய தள்ளுவண்டி பெரியவர்களுக்கு நினைவிருக்கும். துரையோ துரைசானியோ உட்கார்ந்து முன்னாலுள்ள கம்பியைப் பிடித்துத் திருப்ப, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். அதிலும் இதே ஏற்பாடுதான். சூடு ஒருவருக்கு, சுகம் ஒருவருக்கு.

பெட்ரோல் வண்டி வந்ததும் கரி போடும் ஆள் போனார், பெயர் மட்டும் ஓட்டுநருக்கு ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்திருப்பவரைச் சூடாக வைக்கும் வேலை அப்படியே பாக்கி நின்றது.

கால் சூடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ரயில்களில் பெட்டிக்குள் சூடு கிடையாது. தட்டையான தகர டப்பாவில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைப்பார்கள். சில மணி நேரத்தில் ஆறிவிடும், அடுத்த ஸ்டேஷனில் மாற்ற வேண்டும். 1880-களில் பிரிட்டனில் ஒரு ரயில் நிறுவனம் வெந்நீருக்குப் பதில் சோடியம் அசிடேட் உப்பை அடைத்தது. இந்த உப்பு 58 டிகிரியில் உருகும். திரும்ப உறையும்போது உள்ளே வாங்கிய வெப்பத்தை மெதுவாக விடும். பத்தாம் வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்தியபோது, "இது எதுக்கு சார் பயன்படும்?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். தாமதமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆரம்பகால மோட்டார் கார்களிலும் இதே கதை. இழுப்பறை போன்ற இரும்புப் பெட்டியில் கரிக்கட்டியைக் கனலவைத்துக் காலடியில் வைப்பார்கள். நம் வீட்டுக் கணப்புச் சட்டியை வண்டிக்குள் வைத்த மாதிரி. சூடு வரும். போதும் என்றால் நிறுத்துவது எப்படி? பெட்டியை இழுத்து வெளியே வைக்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வரலாறு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மின்சாரம் வந்தது

ஜார்ஜ் ஓம் 1827-இல் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை வெளியிட்டார். 1840-ஐ ஒட்டி ஜூல், கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். அதாவது மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. இதைக் கீழே மறுபடியும் எடுக்கப்போகிறேன்.

விதி தெரிந்தாலும் கம்பி இல்லை. சாதாரணக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினால் காற்றுபட்டுச் சீக்கிரம் இற்றுப்போகும். 1906-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு ஹீட்டர் சுருளும் இஸ்திரிப் பெட்டியும் அதன் பிள்ளைகள்.

1912-இல் சிட்னி ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் மின்சாரப் போர்வையைச் செய்தார். திறந்தவெளிக் காற்றில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்த காசநோய் மருத்துவமனைகளில் இத்தகைய போர்வை பயன்பட்டது. தானே நின்று தானே எரியும் அமைப்போடு போர்வை வந்தது 1936-இல். நடுவில் இருபத்து நான்கு வருஷம் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது வானம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் உயரத்தில் மைனஸ் 40 டிகிரி குளிர். வீரர்களுக்கு மின்சாரத்தால் சூடேறும் உடை கொடுத்தார்கள். அமெரிக்கப் படையின் முதல் மாதிரியான எஃப்-1 உடையில் சட்டை, கையுறை, காலுறை எல்லாம் ஒரே தொடரிணைப்பு. கையுறையில் ஓர் இழை அறுந்தால் உடை முழுக்கக் குளிர்ந்துவிடும். விரல்கள் உறைந்துபோயின. பிறகு வந்த உடைகளில் பக்க இணைப்புக்கு மாற்றினார்கள்.

நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கட்டுகிற பழைய சீரியல் செட் விளக்கு நினைவிருக்கிறதா? ஒரு பல்பு போனால் வரிசையே அணையும், பையன்கள் ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே பாடம்தான். இன்றும் பல கார்களில் அடி மெத்தையின் சூட்டுக் கம்பியும் முதுகுப் பக்கக் கம்பியும் தொடரில் இருக்கின்றன. அடியில் அறுந்தால் முதுகும் சூடாகாது.

இருக்கைக்குள் கம்பி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் பல்லார்ட் 1951-இல் கார் இருக்கைச் சூடேற்றிக்கு விண்ணப்பித்து, 1955-இல் காப்புரிமை பெற்றார். 1966 மாடல் கேடிலாக் கார்களில் கூடுதல் பணம் கொடுப்பவர்களுக்கு அந்த வசதி கிடைத்தது. பணக்காரர் சமாச்சாரம்.

அதைச் சாதாரணமாக்கியது சுவீடன். அங்கே குளிர் ஆடம்பரக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லையே. சாப் நிறுவனம் 1971 கடைசியில், 1972 மாடலுக்காக, ஓட்டுநர் இருக்கைச் சூட்டைக் காரோடு சேர்ந்த வசதியாகவே கொடுத்தது. குளிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாகச் சூடேறும், போதும் என்றதும் தானாக நின்றுகொள்ளும். அதே நிறுவனம்தான் 1990-களின் இறுதியில் காற்றோட்டத்தால் குளிரும் இருக்கையையும் கொண்டுவந்தது.

இன்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 2023-இல் வந்த ஹூண்டாய் வெர்னாவின் உயர் ரகத்தில் குளிரும் இருக்கையும் உண்டு, சூடேறும் இருக்கையும் உண்டு. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் அந்தச் சூட்டுப் பொத்தானை யாராவது குழந்தை அழுத்தாமல் இருக்க வேண்டும்.

நிறுத்தக் கற்ற கதை

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சூடாக்குவது எளிது. ஒரு கம்பி, ஒரு பேட்டரி போதும். எங்கே நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கற்கத்தான் மனிதனுக்கு நெடுங்காலம் ஆனது.

இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டினால் சூட்டில் ஒரு பக்கமாக வளையும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடல் கடிகாரத்துக்காகப் பயன்படுத்தினார். 1830-இல் ஆண்ட்ரூ யூர் அதே தகட்டைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, அதற்கு 'தெர்மோஸ்டாட்' என்று பெயர் வைத்தார். 1833-இல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடு என்ற பொருள் சூடாகச் சூடாக அதன் மின்தடை குறைவதைக் கண்டார். இன்றைய இருக்கைக்குள் சூட்டை அளக்கும் 'தெர்மிஸ்டர்' அந்தக் குணத்தால்தான் வேலை செய்கிறது. 1890-இல் எடிசன் ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

எவ்வளவு சூடு ஆபத்து? 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து எழுதிவைத்தார்கள். 60 டிகிரி என்றால் ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும். 49 டிகிரி என்றால் பத்து நிமிடத்துக்குள். 44 டிகிரியிலும் சுமார் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் புண்ணாகும். 44 டிகிரி என்பது நம் ஊர்க் குளியல் வெந்நீர்ச் சூடுதான். கை வைத்தால் சுகமாகவே இருக்கும். ஆக, சூடு குறைவாக இருந்தாலும் நேரம் கூடினால் தீக்காயம்தான்.

2011-இல் அமெரிக்காவில் தீக்காய மருத்துவர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு இதைப் பற்றி எழுதினார்கள். கார் இருக்கைச் சூட்டால் தொடையிலும் பிட்டத்திலும் ஆழமான தீக்காயம் பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள், சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்கள். அவர்களுக்கு வலிக்கவில்லை, அதனால் எழுந்திருக்கவும் இல்லை. 2014 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சில மாடல்களின் விற்பனையையே நிறுத்திவைத்தது. சூடேறும் இருக்கையின் உள்துணி, தீப்பற்றாமை விதிக்குப் பொருந்தவில்லை என்று தெரியவந்ததுதான் காரணம்.

ஆகவே ஓர் இருக்கைக்குள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். சூடாக்கும் பாகம் ஒன்றே ஒன்று, அந்தக் கம்பி. நிறுத்தும் பாகங்கள்: ஃபியூஸ், சூடு அளக்கும் தெர்மிஸ்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரி இறங்கினால் துண்டிக்கும் ஏற்பாடு. இருக்கை சூடாகவில்லை என்றால், பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறது. அது ஏன் வேண்டாம் என்றது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்த்தல். வேண்டாம் என்று சொன்னதையே கழற்றி எறிவது பழுதுபார்த்தல் ஆகாது.

சரி, என்ன பார்க்க வேண்டும்?

இந்த வரிசையில் பாருங்கள்.

1. உண்மையிலேயே சூடாகவில்லையா? எந்திரத்தை ஓடவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நல்ல உணர்ச்சி உள்ள இளையவர் ஒருவர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை உள்ள பெரியவர் "சூடே இல்லப்பா" என்று சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சூட்டைக் கூட்டாதீர்கள். குறை இருக்கையிலா தோலிலா என்று முதலில் தெரிய வேண்டும்.

2. எந்திரமும் பேட்டரியும். பல கார்களில் எந்திரம் ஓடினால்தான் இது வேலை செய்யும். பேட்டரி பலவீனமானால் கார் முதலில் துண்டிப்பது இது போன்ற வசதிகளைத்தான். குளிரில் பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும்.

3. ஓர் இருக்கையா, இரண்டுமா? இரண்டும் சூடாகாவிட்டால் பொதுவான இடத்தைச் சந்தேகியுங்கள்: ஃபியூஸ், மின்சாரம் வரும் வழி. ஒன்று மட்டும் என்றால் குறை பெரும்பாலும் அந்த இருக்கைக்குள்ளேயோ அதன் பொத்தானிலோ.

4. ஃபியூஸ். காரின் கையேட்டில் எது என்று போட்டிருக்கும். போயிருந்தால் அதே அளவில், அதே நிறத்தில் மாற்றுங்கள். நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. மாற்றியதும் மறுபடி போனால் உள்ளே ஒயர் எங்கோ ஒட்டுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. பொத்தான் விளக்கு. அழுத்தியதும் எரிந்து சில விநாடியில் அணைந்தால் அல்லது மினுக்கினால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டது. கராஜில் கணினியை இணைத்தால் என்ன குறை என்று குறியீடாகக் காட்டும்.

6. இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பு. அங்கே பை, குடை, பொம்மை என்று திணிப்போம், சுத்தம் செய்யும்போது இடிப்போம். இணைப்பு தளர்ந்திருக்கலாம். கண்ணால் பாருங்கள், கழற்றாதீர்கள். மஞ்சள் நிற இணைப்பு பக்கவாட்டு ஏர்பேக்குடையது. 1990-களின் நடுவில் வால்வோ தொடங்கியபின் பல கார்களில் அது இருக்கைக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து பிறகு தொடுவது கராஜ்காரர் வேலை.

7. கம்பியின் மின்தடை. இதையும் கராஜில் பார்க்கட்டும், நீங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 48 வாட் இருக்கை என்று வைத்தால், மின்னோட்டம் 4 ஆம்பியர், மின்தடை 3 ஓம். மீட்டர் இப்படிச் சில ஓம் காட்டினால் கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் எட்டிப் பொருள் எடுக்கிறோமே, கம்பி அறுவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். எடை முழுக்க ஒரே இடத்தில் இறங்கிவிடுகிறது. குழந்தைகளிடமும் சொல்லுங்கள்.

8. தெர்மிஸ்டர். இது அறுந்தால் மின்தடை முடிவிலியாகத் தெரியும். ஃபாரடே சொன்னபடி குளிர்ந்தால் மின்தடை கூடும். ஆக, பெட்டியின் கண்ணுக்கு இருக்கை ஏதோ நம்பமுடியாத குளிரில் இருப்பதாகத் தெரிகிறது. புத்தியுள்ள பெட்டி இதை நம்பிச் சூட்டைக் கொட்டாது, 'என் கண் பழுது' என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும். அது நல்ல குணம்.

9. கம்பி அறுந்திருந்தால் அந்த மெத்தைத் தகட்டையே மாற்றுவதுதான் முறை. முறுக்கி ஒட்டினால் அந்த முடிச்சில் மின்தடை கூடி, அந்த ஒரு புள்ளி மட்டும் அடுப்பாகும். சில இழைகள் மட்டும் அறுந்து மீதி இழுத்துக்கொண்டிருந்தாலும் இதே ஆபத்து. உறையில் சின்னதாகப் பழுப்புக் கறை தெரிந்தாலோ கருகல் வாடை வந்தாலோ அன்றே அணைத்துவிடுங்கள், சூடு நன்றாக வந்தாலும் சரி.

இப்போது புதிதாக இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. 2021 நவம்பரில் சிப் தட்டுப்பாட்டால் ஜெனரல் மோட்டார்ஸ் பல மாடல்களில் இந்த வசதியையே நிறுத்திவைத்தது. பழைய கார் வாங்குகிறவர்கள், பொத்தான் இல்லாததைப் பழுது என்று தேடாதீர்கள். 2022-இல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா வைத்தது. கம்பி உள்ளே இருக்கும், பணம் கட்டினால்தான் சூடாகும். ஆட்கள் கொதித்துப்போனார்கள், 2023-இல் அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

'பெரிய ஃபியூஸ்', 'நேராகச் சேர்ப்பது'

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கட்டை ஃபியூஸ் அடிக்கடி போனால், சன்னக் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோம். "இனிமே போகாது" என்று பெருமை வேறு. போகாதுதான். அடுத்த முறை சுவருக்குள் இருக்கிற ஒயர் போகும். ஃபியூஸ் காப்பது ஒயரை. 15 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஜூல் விதிப்படி அந்த ஒயர் நான்கு மடங்கு வெப்பம் வரை ஊமையாகத் தாங்க வேண்டும். ஒயர் ஓடுவது காரின் கம்பளத்துக்கு அடியில்.

தெர்மிஸ்டரையும் பெட்டியையும் விட்டுவிட்டு நேராகச் சேர்த்தால் என்ன ஆகும்? ரஸ்ஸலின் 1912 போர்வைக்குத் திரும்பிப் போகிறோம். 'போதும்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நல்ல உடம்புக்காரருக்குத் தோலே தெர்மோஸ்டாட். சுடுகிறது என்று சொல்லும், அவர் அணைத்துவிடுவார். சர்க்கரை முற்றியவருக்கு அந்த ஃபியூஸும் போய்விட்டது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் பாதம் கொப்பளித்திருப்பதைப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. அந்தப் பாதம் இருக்கும் அதே உடம்பை, நிறுத்தத் தெரியாத ஓர் இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதை நினைத்துப் பாருங்கள். அன்போடு செய்கிறோம் என்பதால் தீக்காயம் ஆழம் குறையாது. சர்க்கரைப் புண் ஆறுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் குடும்பத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, பெரியவர்கள் காரில் ஏறும்போது இருக்கைச் சூட்டைக் குறைந்த அளவில் வையுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் அணைத்துவிடுங்கள். அதற்குள் காருக்குள் காற்று சூடாகிவிடும், அது போதும். கம்பளி, சால்வை, காலுக்கு உறை, இவை கரண்ட் இல்லாமலேயே வேலை செய்யும். தூங்கிவிட்டவர் இருக்கையில் சூட்டை ஓடவிடாதீர்கள். நீண்ட பயணம் முடிந்ததும் தொடையின் பின்பக்கத் தோலை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களே, "சூடு பத்தல" என்று சொல்வதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். கைக்கும் உணர்ச்சி குறைந்திருந்தால் பேரப்பிள்ளையின் கையை வைக்கச் சொல்லுங்கள். வருஷம் ஒருமுறை டாக்டரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சின்னச் சோதனைதான், வலிக்காது.

குழுவில் "நேரா சேர்த்து ரெண்டு வருஷமா ஓட்டுறேன்" என்று எழுதியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பி, இந்த வாரமே கராஜுக்குக் கொண்டுபோய் உள்ளது உள்ளபடி மாற்று. மாற்றியதும் எனக்குச் சொல், அதுவரை நானும் விடப்போவதில்லை.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கராஜ் வேலை தெரிந்த மாணவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு ஏழாவதையும் எட்டாவதையும் விட்டுவிட்டு மீதியைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கதிர்காமம், புதுச்சேரி.